ஒருசந்தியும் இரண்டு மாத்திரையும்

இருபத்திரண்டு வருஷமாக நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். தமனிச் சுவர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் போடுவேன். மூன்று வளையம். உள்ளே டியூனிகா இன்டிமா, நடுவில் மீடியா, வெளியே எக்ஸ்டெர்னா. பாகம் குறிக்காத பிள்ளைக்கு என்னிடம் அரை மார்க் கூடக் கிடையாது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கம் போகிற ஏழேகால் பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே பாடம் நடத்தி, நின்றுகொண்டே திரும்பி வருகிறவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

என் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் என் குணத்துக்கு நேரெதிர். குவைத்தில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். எண்பதடி உயரத்தில் தனியாக ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டி ஓட்டிப் பேச்சே குறைந்துபோய்விட்டது. பேச்சுக்குப் பதிலாகச் சிகரெட்டைப் பழகிக்கொண்டார். வேலையை விட்டு ஊரோடு வந்தபோது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், கூடவே சர்க்கரை வியாதி. வந்த இரண்டாம் வருஷம் சிகரெட்டை விட்டுவிட்டார். விட்டதற்கு யாரும் பாராட்டவில்லை, நானும்தான்.

போன அக்டோபரில் ஒரு விஷயம் கவனித்தேன். திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீடு ஐந்து நிமிஷ நடை. அதற்குள் அவர் மூன்று இடத்தில் நின்றுவிடுவார். கரண்டு கம்பத்தடியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பார். பிறகு நடப்பார். அடுத்த கம்பத்தில் மறுபடியும் போன். கையில் காய்கறிப் பையோடு முன்னால் போகிற எனக்கு எப்படி இருக்கும்?

"நடுரோட்ல நின்னு அதுல என்னத்த நோண்டுறீங்க? வீட்ல வந்து நோண்டக் கூடாதா?"

"வாரேன், வாரேன்" என்பார்.

இப்படியே ஒரு மாசம் போனது. ஒரு நாள் திரும்பிப் பார்த்தபோது போன் திரை கறுப்பாக இருந்தது. அணைந்துகிடக்கிற போனைத்தான் அந்த மனுஷன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்போதுதான் கேட்டேன். "கெண்டக்கால கவ்விப் புடிக்குது. கொஞ்சம் நின்னா விட்டுடுது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும். காலுக்குப் போகிற தமனி அடைத்தால் இதுதான் முதல் அறிகுறி. இதைப் பாடத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஒருத்தர் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார், நான் காய்கறிப் பையோடு கத்திக்கொண்டிருக்கிறேன்.

திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தக்குழாய் டாக்டர், பெயர் செந்தமிழன். ஸ்கேன் எடுத்துவிட்டு ஒரு தாளில் மூன்று வளையம் போட்டார். நான் போர்டில் போடுகிற அதே படம். "உள் அடுக்கு வழுவழுப்பா இருக்கணும் மேடம். சிகரெட்டும் சுகரும் அதச் சொரண்டிடுச்சு. சொரண்டின எடத்துல கொழுப்பு உள்ள எறங்கி, சுவர் தடிச்சு, மேல சுண்ணாம்பு படிஞ்சு, ஓட்டை சின்னதாயிருச்சு" என்றார். தொடையில் அடைப்பு. பொங்கல் கழித்து ஸ்டென்ட் வைத்தார்கள். அது ஒரு கம்பி வலைக் குழாய். சுருங்கிய இடத்தை விரித்துப் பிடித்துக்கொள்ளும்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவர் வார்டில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். நான் விலங்கியல் டீச்சர் என்று தெரிந்ததும் அவருக்குப் பேச உற்சாகம் வந்துவிட்டது.

"உள் அடுக்கு வளர்ந்து இந்தக் கம்பிய மூடணும் மேடம். அதுக்கு மாசக்கணக்காகும். அது வரைக்கும் ரத்தத்துக்கு அது வெளிப்பொருள். பட்டாலே உறையப் பாக்கும். உறைய விடாம காவல் இருக்கிறது இந்த ரெண்டு மாத்திரைதான். காலைல சாப்பிட்டுட்டு, தெனமும். ஒரு நாள்கூட விடக் கூடாது."

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் நான் இதையெல்லாம் அறுபத்திரண்டு பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கினேன். கம்பி, கம்பி மேல் வளர்கிற அடுக்கு, இடையில் காவல் இருக்கிற மாத்திரை. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு மட்டும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "ரெண்டு மாத்திரை. காலைல. சாப்பிட்டுட்டு. மறக்காதீங்க."

ஜனவரி கடைசியில் ஒரு நாள் அரை நாள் லீவில் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட்டு முடித்து, சர்க்கரை மாத்திரையோடு காலை மாத்திரை இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். காலையில் மாத்திரை போடுவதற்குள் கேஸ்காரன் வந்துவிட்டானாம், மறந்துவிட்டாராம். எனக்கு அன்றைக்கு ஏற்கெனவே தலைவலி. ஹெச்.எம்.மிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்து அவர் மேல் கொட்டினேன்.

"காலைல போடுறதக் காலைலதான் போடணும். சாப்பிட்டுட்டுத்தான் போடணும். மத்தியான மாத்திரையோட சேத்துப் போட்டா ஒன்னோட ஒன்னு அடிச்சுக்கிட்டு உசுருக்கே வந்துரும். இனிமே சொந்த புத்தியில எதையும் செய்யாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அடித்துக்கொள்ளும் என்று எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. கோபத்தில் வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் அடுப்படிக்குப் போய் அதை மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

பிப்ரவரியில் திருநீற்றுப் புதன் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தின் தொடக்கம். கால் வலி போய்விட்ட நன்றிக்கு நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கப்போவதாக அவர் நேர்ந்துகொண்டார். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு, அதுவும் மத்தியானம். காலையில் பச்சைத் தண்ணீர், ராத்திரிக்கு ஒரு தம்ளர் கஞ்சி. அவர் சொந்த ஊர் ஆவூரில் அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள். சர்க்கரைக்காரர் இருக்கலாமா என்று நான் கேட்டேன். "மாமிசத்த மட்டும் விட்டாப் பத்தாதா?" என்றும் கேட்டேன். "நேந்துக்கிட்டேன்" என்றார். அதற்கு மேல் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. பிராக்டிகல் பரீட்சைக்கு வேறு பள்ளிக்கூடம் போட்டிருந்தார்கள், அது முடிந்தால் பொதுத்தேர்வு டியூட்டி, நடுவில் பிளஸ் ஒன் பேப்பர் கட்டு. சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். காலையில் அவர் சாப்பிடுகிறாரா என்று பார்க்க நான் வீட்டில் இருந்தால்தானே.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது, அது ஆண்டவர் நாள். நான் இட்லி ஊற்றுவேன். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு என் கண் முன்னால் இரண்டு மாத்திரையையும் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைப்பார். பார்க்கவே நிறைவாக இருக்கும். மனுஷன் ஒழுங்காகத்தான் போடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு ஆவூர்க் கோயிலில் அவர் அண்ணன் வீட்டார் வைத்த பூசை இருந்தது. அண்ணன் இறந்த நினைவு நாள். கோயிலுக்குள் எங்கள் பக்கத்தில் அண்ணன் மகன் ஜஸ்டின் நின்றிருந்தான். முழங்காலிட்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டே நின்றார். நற்கருணை அப்பம் வாங்கப் போகவில்லை. பூசை முடிந்து எல்லாரும் வெளியே போனபிறகும் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"காலு கொஞ்சம் மரத்துப்போச்சு. நீங்கள்லாம் போங்க, வாரேன்."

குனிந்து பாதத்தைத் தொட்டேன். மார்ச் மாச வெயிலில் அந்தக் கால் மண்பானை மாதிரிச் சில்லிட்டிருந்தது. விரலெல்லாம் வெளுத்திருந்தது. இன்னொரு காலைத் தொட்டேன், சூடாக இருந்தது. கணுக்கால் உள்பக்கம் விரல் வைத்துத் துடிப்புத் தேடினேன். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற இடம்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஜஸ்டினிடம் காரை எடுக்கச் சொன்னேன். என் சத்தத்தைக் கேட்டு அவன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான்.

திருச்சி போகிற வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரத்தம் நின்றால் ஆறு மணி நேரம்தான் கணக்கு. அதற்கு மேல் தசை செத்துப்போகும். பூசை ஏழு மணிக்கு, இப்போது ஒன்பது, நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எமர்ஜென்சியில் டாக்டர் செந்தமிழன் வந்தார். காலைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது.

"எப்பேர்ந்து மரத்துப் போச்சு ஐயா?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

நான் அவரை முறைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை எதும் விட்டுப் போச்சா?"

"இல்ல டாக்டர். நானே பாக்குறேன், கரெக்டா போடுறார்" என்று முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம தவறாமப் போடுறேன்" என்றார் அவர்.

"மத்த நாளு?"

"மத்த நாளு ஒருசந்திங்க. காலைல சாப்பாடு கெடையாது. அது சாப்பிட்டுட்டுப் போடுற மாத்திரை. ஈஸ்டர் முடிஞ்சு திரும்ப ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். தவக்காலம், ஒரு வேளைச் சாப்பாடு என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

"அப்ப மத்தியானம் சாப்பிட்டீங்கள்ல? அப்பப் போட்டிருக்கலாமே ஐயா" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. அடுத்து என்ன சொல்லலாம் என்று என்னிடம் கேட்கிற பார்வை. அப்போதுதான் ஜனவரி மத்தியானம் எனக்கு ஞாபகம் வந்தது. அடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. ஐயோ ஆண்டவரே என்று வாய்க்குள்ளேயே சொன்னேன்.

பகலோடு பகலாக ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வலைக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து முழுக்க அடைத்திருந்தது. உறைந்ததை எடுத்தார்கள். சாயங்காலம் பாதத்தில் லேசாகச் சூடு வந்தது. "கீழ இருக்கிற சின்னக் குழாயிலயும் எறங்கியிருக்கு மேடம். ரெண்டு நாள் பாப்போம். காலக் காப்பாத்த முடியுமான்னு அதுக்கப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

அந்த இரண்டு நாளும் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பார்வை நேரத்தில் உள்ளே விட்டபோதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

"ஏங்க, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? காலைல சாப்பாடு இல்ல, இந்த மாத்திரைய என்ன செய்யட்டும்னு ஒரே ஒரு வார்த்த? பக்கத்து ரூம்லதானே இருந்தேன்? குவைத்துலயா இருந்தேன்?"

அவர் கண்ணை மூடிக்கொள்வார். நர்ஸ் வந்து, "அம்மா, பேஷன்ட்டுக்கு பி.பி. ஏறுது" என்று வெளியே அனுப்புவாள். வராண்டாவில் ஜஸ்டின், "விடுங்க சித்தி, சித்தப்பாவுக்கு என்ன தெரியும்" என்பான். அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் என்னை அறுத்தது. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்ததை அன்னவாசல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை விரல்கள் நீலம் பாரித்தன. புதன்கிழமை கறுத்தன. டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இந்தத் தடவை தாளில் படம் ஒன்றும் போடவில்லை.

"முழங்காலுக்குக் கீழ எடுக்கணும் மேடம். தள்ளிப் போட்டா விஷம் மேல ஏறிடும். நாளைக்குக் காலைல வச்சுக்கலாம்."

"மத்தியானம் போடக் கூடாதுன்னு நான்தான் டாக்டர் சொன்னேன்" என்றேன். யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்போல் இருந்தது. "சேந்தா அடிச்சுக்கும்னு சொன்னேன். நானாச் சொன்னது."

டாக்டரும் மூன்று நாளாகத் தூங்காதவர் மாதிரித்தான் இருந்தார். "யார் சொன்னதுன்னு இப்பப் பாத்து என்ன ஆகப்போகுது மேடம். சுகர்லயும் சிகரெட்லயும் கெட்டுப்போன சுவர்தானே அது. மாத்திரை போட்டவங்களுக்கும் சில பேருக்கு அடைக்கும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. மாத்திரை போட்டிருந்தால் இந்தக் கால் இருந்திருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு உள்ளே விட்டார்கள். பச்சை உடுப்பு மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். போர்வைக்கு வெளியே அந்தப் பாதம் மட்டும் தெரிந்தது. ஒரு நர்ஸ் மார்க்கர் பேனாவால் முழங்காலுக்குக் கீழே கோடு போட்டுவிட்டுப் போனாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் எதையும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நாலு நாளாக நாற்காலியிலேயே தூங்கியதில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அவராகப் பேசினார்.

"கேக்கணும்னுதான் வந்தேன் ஷர்லி."

"என்னங்க?"

"மாத்திரை. மொத வாரம், வெள்ளிக்கெழம சாயங்காலம். காலைல போட முடியலயே, மத்தியானம் போடவா, இல்ல ராத்திரி கஞ்சி குடிச்சுட்டுப் போடவான்னு கேக்கலாம்னு வந்தேன். கையில மாத்திரை அட்டைய வச்சுக்கிட்டு நெலப்படிகிட்ட நின்னேன். நீ பேப்பர் திருத்திக்கிட்டிருந்த. நிமுந்து பாக்கல. 'என்ன?'ன்னு மட்டும் கேட்ட."

"அப்புறம்?"

"ஒன்னுமில்லன்னுட்டு அங்கிட்டுப் போயிட்டேன்."

"ஏங்க? கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா கத்துவ" என்றார்.

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னார். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. இவ்வளவு நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்குப் பதில் சொல்லி முடித்த நிம்மதிதான் முகத்தில் இருந்தது. "நீயும் பாவம், நாள் முழுக்க நின்னுட்டு வர்ற" என்றும் சொன்னார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுது முப்பது வருஷம் இருக்கும். அடக்கிக்கொள்ளவில்லை.

ஆட்கள் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் கதவு வரைக்கும் கூடவே நடந்தேன். கதவு மூடியதும் அங்கேயே நின்று அந்த வெள்ளிக்கிழமையை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பேப்பர் கட்டு ஞாபகம் இருக்கிறது. எந்தப் பிள்ளை எவ்வளவு மார்க் என்றுகூடச் சொல்வேன். நிலைப்படியில் அவர் நின்றது ஞாபகம் இல்லை. நான் 'என்ன?' என்று கேட்டதும் ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வார்த்தையை அப்படித்தான் சொல்கிறேன். அதில் ஒன்றுக்குத்தான் இந்தக் கால்.